தரை நிலவரம்

இலங்கைத் தமிழ்க் குதிரையோட்ட ஆராய்ச்சி மன்றத்தில் குதிரையைக் கிட்ட நின்று கண்டவர் என்று பார்த்தால் தலைவர் இரத்தினசிங்கம் ஒருவர்தான். அதுவும் நுவரெலியாவில், காசு கொடுத்து ஏறுகிற மட்டக்குதிரை. ஏறி இரண்டு எட்டு வைப்பதற்குள் அது புல் மேயக் குனிந்துவிட்டது. தலைவர் அதன் கழுத்து வழியாக வழுக்கி வந்து மிக மரியாதையாக நிலத்தில் அமர்ந்தார். ஓட்டத்தில் தரைதான் முக்கியம் என்பது தமக்கு அன்றைக்கே விளங்கிவிட்டது என்று ஒவ்வொரு ஆண்டுவிழாவிலும் சொல்லுவார். எல்லாரும் கைதட்டுவார்கள்.

குதிரைகள் ஓடியது இங்கிலாந்தில். காசு கட்டியவர்கள் கொழும்பில். வெள்ளவத்தை ஒழுங்கைகளிலும் கொட்டாஞ்சேனைச் சந்திகளிலும் பந்தயக் காசு வாங்குகிற புக்கிக் கடைகள் இருந்தன. சனிக்கிழமை பின்னேரம் அங்கே ஒலிபெருக்கியில் ஒரு வெள்ளைக்காரன் மூச்சுவிடாமல் கத்துவான்; நம்முடைய ஆட்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பார்கள். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். கொழும்பின் காலி வீதியில் கொஞ்சத் தூரம் போவதற்குள் ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து, இறக்கி, அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். அப்படியும் ரேஸ் பார்க்கக் கிளம்பியவன் ஒருவன் வீடு திரும்பிப் போனதாகச் சரித்திரம் இல்லை.

இந்தச் சனங்களுக்கு வழிகாட்டவென்றே மன்றம் கொள்ளுப்பிட்டியில், மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றுக்கு மேல்மாடியில் இயங்கிவந்தது. 'குளம்படி' என்று ஒரு வாரத்தாள் போட்டது. முன்பக்கத்தில் வார இறுதி ஓட்டங்களின் முன்னோட்டம், பின்பக்கத்தில் 'தரை நிலவரம்'. முன்னோட்டம் இப்படி இருக்கும்: "கப்டன்ஸ் அம்ப்ரெல்லா நல்ல நிலையில் உள்ளது. தரை காய்ந்திருந்தால் வெல்லக்கூடும். ஈரமாக இருந்தால் வெல்லாமலும் விடக்கூடும். இரண்டுங்கெட்ட தரையென்றால் எதுவும் நடக்கலாம். எதிர்பாராத முடிவுகளுக்கு மன்றம் பொறுப்பேற்காது." எந்தக் குதிரை வென்றாலும் மன்றம் ஒருநாளும் தோற்றதில்லை. காசு கட்டியவர்கள்தான் தோற்றார்கள்.

தலைவர் அரசாங்கத்தில் மண்ணோடு சம்பந்தப்பட்ட ஏதோவொரு பகுதியில் பெரிய கதிரையில் இருந்து ஓய்வுபெற்றவர். செயலாளர் பொன்னம்பலம் முன்னாள் தலைமை இலிகிதர். ஒழுங்குப் பிரச்சினை கிளப்பாவிட்டால் அவருக்குச் சாப்பாடு செமிக்காது. சட்ட ஆலோசகர் சிவபாதசுந்தரம் அப்புக்காத்து. எதையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார், அது யோசனையா நித்திரையா என்று ஒருவருக்கும் தெரியாது. கூட்டக் குறிப்பு எழுதுவது, தேத்தண்ணிக்குச் சொல்லுவது, 'குளம்படி'யில் தலைவரின் 'தரை நிலவரம்' தவிர மற்ற எல்லா வரிகளையும் எழுதுவது ஆகிய சில்லறை வேலைகளுக்கு உதவிச் செயலாளர் என்று ஒருவர் இருந்தார். அவர்தான் சவுந்தரநாயகம்.

சவுந்தரநாயகம் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து, வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் பின்பக்க அறைகளில் மனைவி பாலேஸ்வரியோடும் மகன் கேதீஸோடும் இருந்தார். கேதீசுக்கு இருபத்திரண்டு வயது. மன்றத்தின் ரைப்ரைட்டரில் தட்டுவது அவன்தான். வெளியூர்த் தமிழர் பொலிஸில் பதிந்தால்தான் கொழும்பில் தங்கலாம்; பதிவுக்குப் போனால் முதல் கேள்வி, "கொழும்பில் ஏன் இருக்கிறாய்?" என்பது. தகப்பனும் மகனும் ஒரே பதிலைச் சொல்லுவார்கள்: "மன்றத்தில் வேலை." அந்தப் பதிலுக்காகவே சவுந்தரநாயகம் தலைவரைத் தெய்வமாகக் கும்பிட்டார். கும்பிட்ட கையைப் பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் தவித்தார் பாருங்கள், அதுதான் கதை.

அந்த வருடம் இங்கிலாந்தில் விண்டர்டன் என்கிற ஊரில் ஓட்டத்திடலின் புல்லை உரித்து எறிந்துவிட்டு, மண்ணோடு மெழுகும் வேறு ஏதேதோவும் கலந்து புதுத்தரை போட்டார்கள். மூன்று சனிக்கிழமை தொடர்ந்து குதிரைகள் சறுக்கின. கொட்டாஞ்சேனையில் சனம் தலையில் கைவைத்தது. மன்றம் அவசரக் கூட்டம் கூடியது.

"அன்பர்களே," என்று தலைவர் எழுந்தார். "குதிரை எதன்மேல் ஓடுகிறது? தரையின்மேல். தரை இல்லாவிட்டால் குதிரை எங்கே ஓடும்? இந்தக் கேள்வியை அந்த நாட்டிலே ஒருவனாவது கேட்டானா? இல்லை! நாம் கேட்கிறோம். வரலாறு நம்மைக் கவனித்துக்கொண்டிருக்கிறது."

"ஒழுங்குப் பிரச்சினை," என்றார் பொன்னம்பலம். "புல் எண்டது தரைக்குள்ள அடங்குமோ, அல்லது தரைக்கு மேல கிடக்கிற பொருளோ? இதை முடிவு கட்டாமல் தரையைப் பற்றிக் கதைக்க ஏலாது."

அதை முடிவு கட்ட இரண்டு வெள்ளிக்கிழமை போயிற்று. மூன்றாவது வெள்ளி சிவபாதசுந்தரம் கண்ணைத் திறந்து, புல்லுக்கு ஒரு உபகுழு, மண்ணுக்கு ஒரு உபகுழு என்று பிரிக்கலாம், ஆனால் இரண்டும் ஒன்றையொன்று கட்டுப்படுத்தாது என்றார். திரும்பவும் கண்ணை மூடிக்கொண்டார். மண் உபகுழுவுக்குத் தலைவரே தலைவர். அடுத்த கூட்டத்துக்கு அவர் வீட்டிலிருந்து கேக் தட்டுகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, பூச்சாடி மண்ணைப் பரப்பி, நடுவிரலையும் சுட்டுவிரலையும் குதிரைக் கால்களாக்கி ஓடவிட்டார். பொன்னம்பலம் நேரம் பார்த்தார். தலைவரின் விரல்கள் முதலாவதாக வந்தன. வேறு விரல்கள் ஓடவில்லை.

"பூச்சாடி மண் காணாது," என்றார் தலைவர், கையைத் துடைத்தபடி. "விண்டர்டன் தரைக்குக் கிட்டவான மண் இலங்கையில் ஒரே இடத்திலதான் இருக்கு. களனி கங்கை கடலில விழுகிற இடம். முகத்துவாரம். உப்பும் சேறும் மணலும் கலந்தது. அதில ஒரு மூட்டை வேணும். கேதீஸ் போய் எடுத்துக்கொண்டு வரட்டும்."

சவுந்தரநாயகத்தின் பேனை நின்றது. "ஐயா, முகத்துவாரம் துறைமுகத்துக்குப் பக்கத்தில எல்லோ. அங்கை நேவிக்காரர் நிக்கிறாங்கள். யாழ்ப்பாணத்து ஐடென்டிட்டியோட ஒரு பெடியன் மண்வெட்டியும் கையுமாப் போய் நிலத்தைக் கிண்டினால்..."

"மண்ணுக்கு இனம் இல்லை, சவுந்தரம்," என்றார் தலைவர். கூட்டம் 'ஆகா' என்றது. பொன்னம்பலம் அதைக் குறிப்பில் எழுதச் சொன்னார். எழுதினார் பாவி மனுசன்.

"இல்லை ஐயா, பெடியனைப் பிடிச்சால்..."

"பிடிச்சால் என்ர பேரைச் சொல்லட்டும். நான் ஸ்டாஃப் ஒபிசரா இருந்தனான் காணும். எனக்கு ஒரு கோல் எடுத்தால் காணும், ராசா மாதிரி வெளியில வருவான். நானே போயிருப்பன், உமக்குத் தெரியுந்தானே என்ர நாரிப்பிடிப்பு, குனிய ஏலாது."

கேதீஸ் போனான். மண்வெட்டியை உரச்சாக்கில் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் போனான். இரண்டு கை மண் அள்ளினானோ இல்லையோ, பின்னால் துவக்கு வந்து நின்றது. ஒரு தமிழ்ப் பெடியன், யாழ்ப்பாணத்து அட்டை, துறைமுகம் தெரிகிற இடம், மண்வெட்டி. கேட்டதற்கு அவன் சொன்ன பதில்: "குதிரை ஓட மண் எடுக்கிறன்." உண்மையைச் சொன்ன பிள்ளைக்கு அந்த இடத்திலேயே முதல் அடி விழுந்தது. பிறகு பொலிஸில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

கொழும்பில் அந்தக் காலத்தில் பொலிஸில் பிடிபட்ட பிள்ளையை எடுப்பதற்கு ஒரு வழக்கம் இருந்தது. தாய் தகப்பன் போய் அழுவது கணக்கில்லை. வேலை கொடுத்தவர், நல்ல உத்தியோகத்தில் இருந்தவர், ஊருக்குள் மதிப்புள்ள ஒருவர் வந்து, "ஓம், இவன் எங்கடை ஆள், நான் பொறுப்பு" என்று சொல்லவேண்டும். சொன்னால் அநேகமாக விட்டுவிடுவார்கள். அந்த ஒரு சொல்லுக்காகத் தாய்மார் கொழும்பு முழுக்கக் கதவு கதவாகத் தட்டித் திரிந்தார்கள்.

அன்று பின்னேரமே பொலிஸ் இன்ஸ்பெக்டர் மன்றத்துக்கு ரெலிபோன் எடுத்தார். சவுந்தரநாயகம் தலைவரின் மேசைக்கு முன்னால் நின்றார். கும்பிட்டபடியேதான் நின்றார். தலைவர் தொண்டையைச் செருமி, நல்ல ஆங்கிலத்தில் பேசினார். அதன் சாரம் இது:

"தெரியுமா என்றால், தெரியும் என்றும் சொல்லலாம். இதுவரைக்கும் ஒழுங்காகத்தான் ஓடியிருக்கிறான். ஆனால் இப்படியான தரையில் அவனை நாங்கள் சோதித்துப் பார்த்ததில்லை. நல்லவனாக இருக்கக்கூடும். இல்லாமலும் விடக்கூடும். நான் அனுப்பினேனா என்றால், அது உபகுழுவின் தீர்மானம். தனிநபர் யாரும் அனுப்பவில்லை. எதிர்பாராத முடிவுகளுக்கு மன்றம் பொறுப்பேற்காது."

ரெலிபோனை வைத்துவிட்டு, "கதைச்சிட்டன், சவுந்தரம். ஒண்டும் யோசியாதையும்," என்றார்.

சவுந்தரநாயகத்துக்குக் காது அடைத்துக்கொண்டது. 'குளம்படி'யில் வாராவாரம் தன் கையால் எழுதிய வரிகள் தன் பிள்ளையின் தலையிலேயே வந்து விழுந்ததை அவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த வெள்ளி கூட்டம் வழமைபோல நடந்தது. மண் வந்து சேரவில்லை என்பது குறித்து ஆழ்ந்த கவலை தெரிவிக்கப்பட்டது. ஆராய்ச்சிக்குரிய மண்ணைப் பொலிசார் பறித்து வைத்திருப்பது அறிவியலுக்கு விழுந்த அடி என்று தலைவர் முழங்கினார். கண்டனத் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கேதீஸின் விடயம் நிகழ்ச்சிநிரலில் 'வேறு விடயங்கள்' என்பதற்குள் இருந்தது. அதற்கு வருவதற்குள் கட்லட் வந்துவிட்டது.

"ஐயா, என்ர பிள்ளை..." என்று சவுந்தரநாயகம் எழுந்தார்.

"உதவிச் செயலாளருக்குப் பேச உரிமை இல்லை," என்றார் பொன்னம்பலம். "எழுத மட்டுந்தான்."

"நான் அனுதாபப்படுகிறேன்," என்றார் சிவபாதசுந்தரம், கண்ணைத் திறக்காமல். "இந்த அனுதாபம் என்னைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது."

பாலேஸ்வரி ஹெவ்லொக் டவுனில் தலைவர் வீட்டுக்கே போனாள். தலைவரின் மனைவி அன்னபாக்கியம் அவளை முன் விறாந்தையில் இருத்தி, கண்ணாடிக் கிளாசில் தோடம்பழச்சாறு கொடுத்தாள். "அவர் உள்ளுக்கை தரை நிலவரம் எழுதிறார் பிள்ளை. அந்த நேரம் குழப்பினால் ஏசுவார்," என்றாள். பாலேஸ்வரி பின்னேரம்வரை இருந்தாள். சாறு அப்படியே இருந்தது. வீட்டுக்கு வந்து புருசனிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்: "அந்த மனுசன் நல்லா இருக்கமாட்டான்." வேறு நாளாக இருந்தால் அப்படிச் சொல்லாதே என்று சவுந்தரநாயகம் தடுத்திருப்பார். அன்றைக்குத் தடுக்கவில்லை.

மூன்று கிழமை போயிற்று. கேதீஸ் கடைசியில் வெளியே வந்தது மஜீடால். மஜீட் கொட்டாஞ்சேனையில் 'குளம்படி'யை அச்சடிக்கிற அச்சகக்காரர். அந்த நாட்களில் ஹஜ்ஜுக்குப் போயிருந்தார். வந்து இறங்கிச் செய்தி கேள்விப்பட்டதும், கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து கொண்டுவந்த பெட்டிகளை அவிழ்க்காமல், மொட்டையடித்த தலையோடு சவுந்தரநாயகத்தையும் இழுத்துக்கொண்டு பொலிசுக்குப் போனார்.

"இவன் உன்னுடைய ஆளா?" என்று இன்ஸ்பெக்டர் சிங்களத்தில் கேட்டார்.

"ஓம் மாத்தயா, எங்கட ஆள்தான். குதிரைப் பேப்பர்ல வேலை செய்ற பொடியன். மண் எடுக்க அனுப்பினதும் நாங்கதான். நான் பொறுப்பு," என்றார் மஜீட், ஒரே மூச்சில், அவரும் சிங்களத்தில்.

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து பார்த்தார். "குதிரைப் பேப்பரா? அப்ப அந்தக் கதை உண்மையா?" அவரும் சனிக்கிழமைகளில் புக்கிக்குப் போகிற மனுசன் என்பது பிறகுதான் தெரிந்தது. "அட, இவ்வளவுதானா? ஒருத்தன் வந்து ஓம் என்று சொல்ல மூன்று கிழமையா? உங்களுடைய தலைவரிடம் நானே கேட்டேனே, அவர் என்னென்னவோ சொன்னாரே!"

கேதீஸ் வெளியே வந்தான். இடது காது கேட்கவில்லை. அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டால் திரும்பமாட்டான். பாலேஸ்வரி முதல் நாள் சோற்றைப் போட்டுக்கொண்டே இடப்பக்கம் நின்று, "இன்னும் கொஞ்சம் போடட்டே?" என்று கேட்டாள், திரும்பவும் கேட்டாள், பிறகு கோப்பையை வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய் நின்று அழுதாள்.

அவன் திரும்ப வேலைக்குப் போன அன்று தலைவர் கதிரையை விட்டு எழும்பாமல் சிரித்தார். "வாரும் வாரும். எல்லாம் நல்லதுக்குத்தான். ஓர் ஆராய்ச்சியாளன் என்ற முறையில் கேட்கிறன், நீர் அங்கை நிலத்திலதானே படுத்தனீர், தரை எப்பிடி?"

"சீமெந்து, ஐயா," என்றான் கேதீஸ்.

"ஓ. கடினம்," என்றார் தலைவர், தலையை ஆட்டி.

அந்த இடத்தில்தான் சவுந்தரநாயகம் தீர்மானித்தார், இந்த மனுசனுக்கு ஒருநாள் திருப்பிச் செய்யவேண்டும் என்று. என்ன செய்வது, எப்படிச் செய்வது, ஒன்றும் தெரியாது. வேலையை விட்டுவிட்டுப் போகலாம். போனால் பொலிஸ் பதிவில் என்ன பதில் சொல்லுவது? ஆகையால் இருந்தார். கூட்டக் குறிப்பு எழுதினார். தேத்தண்ணிக்குச் சொன்னார். தலைவர் பேசுகிறபோதெல்லாம் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். தலைவர் அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டார்.

மண் உபகுழு ஓயவில்லை. முதல் தடவை செய்த பிழையைத் தலைவர் திருத்திக்கொண்டார். அதாவது, இந்தமுறை தமிழ்ப் பெடியனை அனுப்பவில்லை. தம்முடைய சிங்களச் சாரதியை அனுப்பினார். அவன் வான் நிறைய மண்ணோடு வந்தான். தலைவர் வெவ்வேறு இடத்து மண்ணை வெவ்வேறு மாப்பையில் போட்டு, ஒவ்வொன்றின் மேலும் பெரிய ஆங்கில எழுத்தில் இடத்தின் பெயரை எழுதி, வீட்டுச் சாமியறையில் அடுக்கி வைத்தார். முகத்துவாரம், துறைமுகப் பக்கம். காலிமுகத்திடல், பழைய பாராளுமன்றத்துக்கு எதிர்ப்புறம். இரத்மலானை, ஓடுபாதைக்கு அருகில். மண் விடயத்தில் அவர் அவ்வளவு துல்லியமான மனுசன்.

"ஐயா, இதுகளை வீட்டில வைச்சிருக்கிறது..." என்று சவுந்தரநாயகம் ஒருதரம் வாயெடுத்தார்.

"உமக்கு எல்லாத்துக்கும் பயம், சவுந்தரம். என்ர வீட்டுக்குள்ள வந்து ஆர் பார்க்கப்போறாங்கள்?"

சவுந்தரநாயகம் வாயை மூடிக்கொண்டார். மனதார மூடிக்கொண்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை விடியப்புறம் ஆமிக்காரர் ஹெவ்லொக் டவுனைச் சுற்றிவளைத்தார்கள். வீடு வீடாகப் புகுந்து தேடினார்கள். சாமியறைக்குள் பிள்ளையாருக்குப் பக்கத்தில் துறைமுகமும் பாராளுமன்றமும் ஓடுபாதையும் பை பையாக அடுக்கியிருந்ததைக் கண்ட அதிகாரி ஜீப்பை வாசலுக்குக் கூப்பிட்டார். தலைவர் சாரத்தோடும் மேற்சட்டையோடும் ஜீப்பில் ஏற்றப்பட்டார். நாரிப்பிடிப்பைப் பற்றி ஒருவரும் விசாரிக்கவில்லை. முகத்துவாரத்து மண் என்று எழுதியிருந்தபடியால், முந்தி அதே மண்ணை விசாரித்த இன்ஸ்பெக்டரிடமே கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

காலையில் வெள்ளவத்தை வீட்டுக்காரரின் ரெலிபோனில் அன்னபாக்கியத்தின் அழுகை வந்தது. "தம்பி சவுந்தரம், இவரைக் கொண்டுபோட்டாங்கள். பொன்னம்பலத்தாருக்கு அடிச்சன், அவர் நிகழ்ச்சிநிரலில இல்லாத விடயத்தில தான் தலையிட ஏலாதாம். அப்புக்காத்தர் படிச்சுப் பார்த்திட்டுச் சொல்லுறாராம், எதைப் படிக்கப்போறாரோ தெரியேல்லை. மன்றத்தில இருந்து ஒராள் வந்து, ஓம், இவர் குதிரைக்குத்தான் மண் சேர்த்தவர், நான் பொறுப்பு எண்டு சொன்னால் விடுவினமாம். உங்கடை பேரைத்தான் சொல்லுறார், தம்பி."

"வாறன், அம்மா," என்றார் சவுந்தரநாயகம்.

குளித்தார். விபூதி பூசினார். கலியாண வீட்டுக்குப் போடுகிற வெள்ளைச் சேர்ட்டைப் போட்டுக்கொண்டார். பாலேஸ்வரி அவருடைய முகத்தைப் பார்த்தாள். சேர்ட்டின் கழுத்துப் பட்டையை இழுத்துச் சரிபண்ணிவிட்டாள்.

பொலிஸில் இன்ஸ்பெக்டர் அவரை உடனே கண்டுகொண்டார். "ஆ, குதிரைப் பேப்பர் மாத்தயா! வாங்க, இருங்க. மே மினிஹா தன்னவாத?" இந்த மனுசனைத் தெரியுமா என்று கேட்டார். கம்பிக்குள் சீமெந்துத் தரையில், சுவரோடு சாய்ந்து தலைவர் இருந்தார். சவுந்தரநாயகத்தைக் கண்டதும் முகம் மலர்ந்து எழும்பப் பார்த்தார். நாரி விடவில்லை.

சவுந்தரநாயகம் தொண்டையைச் செருமினார்.

"தெரியுமா என்றால், தெரியும் என்றும் சொல்லலாம்," என்றார் நிதானமான சிங்களத்தில். "இதுவரைக்கும் ஒழுங்காகத்தான் ஓடியிருக்கிறார். ஆனால் இப்படியான தரையில் அவரை நாங்கள் சோதித்துப் பார்த்ததில்லை. நல்லவராக இருக்கக்கூடும். இல்லாமலும் விடக்கூடும். எதிர்பாராத முடிவுகளுக்கு மன்றம் பொறுப்பேற்காது."

இன்ஸ்பெக்டர் அவரைப் பார்த்தார். பிறகு கம்பிக்குள் இருந்தவரைப் பார்த்தார். எங்கேயோ கேட்ட பேச்சு என்று ஞாபகம் வந்துவிட்டது போலிருந்தது. பேனையை மூடி வைத்துவிட்டுக் கதிரையில் சாய்ந்தார்.

"என்ன காணும் உளறுறீர்?" என்று உள்ளேயிருந்து தலைவர் கத்தினார். "சவுந்தரம்! நேரா ஒரு பதில் சொல்லும்!"

அந்தச் சொல்லைக் கேட்டதும் சவுந்தரநாயகத்துக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. எத்தனை நாள் காத்திருந்த சந்தோசம்! அவர் எழுந்து கம்பிக்குக் கிட்டப் போனார்.

"சொல்லுறன் ஐயா. இப்பவே ஓம் எண்டு சொல்லி உங்களைக் கூட்டிக்கொண்டு போறன். ஆனால் நான் ஒண்டு கேப்பன். ஒரு சொல்லில பதில் வேணும். ஓம், இல்லாட்டி இல்லை. என்ர பிள்ளையை முகத்துவாரத்துக்கு அனுப்பினது நீங்களோ?"

தலைவர் வாயைத் திறந்தார். சுற்றிப் பார்த்தார். பக்கத்தில் சுருண்டு கிடந்த பெடியன்கள் இரண்டு பேர் தலையை நிமிர்த்திப் பார்த்தார்கள். வாசலில் நின்ற கான்ஸ்டபிள்கூடப் பார்த்தான். ஒரு சொல். இரண்டு எழுத்து. சொன்னால் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஹெவ்லொக் டவுனில் இருக்கலாம். மனுசனுக்கு அது தெரியாமலும் இல்லை. ஓகாரம் தொண்டைவரை வந்ததைச் சவுந்தரநாயகம் தன் கண்ணால் கண்டார்.

"பொதுவாக நோக்குமிடத்து," என்றார் தலைவர், "அந்தத் தீர்மானம் எடுக்கப்பட்ட சூழ்நிலையை முதலிலே..."

சவுந்தரநாயகம் சேர்ட்டின் கைமடிப்பைச் சரிசெய்துகொண்டார்.

"திங்கட்கிழமை வாறன், ஐயா," என்றார். "தரை கொஞ்சம் காயட்டும்."

இன்ஸ்பெக்டர் அவரை வாசல்வரை வந்து வழியனுப்பினார். நாளைக்கு எந்தக் குதிரை என்றும் கேட்டார். கப்டன்ஸ் அம்ப்ரெல்லாவில் ஒரு சதமும் கட்டவேண்டாம், அது தோற்கும் என்றார் சவுந்தரநாயகம். அவர் வாயிலிருந்து வந்த முதலாவது நேரடி முன்னோட்டம் அது. சொல்லிவிட்டு, இவ்வளவு சுகமா இது என்று தெருவெல்லாம் யோசித்துக்கொண்டு போனார்.

வீட்டில் பாலேஸ்வரி சோற்றோடு காத்திருந்தாள். நடந்ததெல்லாம் சொன்னார். அவள் கீரையைப் போட்டாள், மீன்குழம்பை ஊற்றினாள். கேதீஸ் வலது காதைத் தகப்பன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டான்.

"திங்களோ?" என்றாள் பாலேஸ்வரி கடைசியில். "திங்கள் ராகுகாலம் காலமையோட வருது. செவ்வாய் போங்கோ."

"செவ்வாயும் ராகுகாலம் இருக்குத்தானே?"

"அப்ப அது முடியட்டும். ஆறுதலாச் சாப்பிட்டிட்டுப் போங்கோ."

பின்னேரம் சவுந்தரநாயகம் கொட்டாஞ்சேனைக்குப் போனார். அச்சகத்தில் 'குளம்படி'யின் பக்கங்கள் பூட்டத் தயாராக இருந்தன. மஜீட் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். வாராவாரம் தலைவர் கைப்பட எழுதி அனுப்புகிற 'தரை நிலவரம்' இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

"இன்டைக்கு உங்கட பெரியவர் ஒண்டும் அனுப்பல்லையே. விண்டர்டன்ல தரை என்ன போடுறது?"

"அவருக்கு இண்டைக்குக் கொஞ்சம் வசதியில்லை," என்றார் சவுந்தரநாயகம். "நான் சொல்லுறன், அடிச்சுக்கொள்ளுங்கோ. தரை, சீமெந்து."

மஜீட் அவரை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக எடுத்துக் கோத்தார்.

"கடினம் எண்டும் போடவா?"

"போடுங்கோ. செவ்வாய்க்கிழமைவரை மாற்றமில்லை எண்டும் போடுங்கோ."